காரம் ருசியல்ல

மாதத்துக்கு ஒரு முறை நானும் என் கணவரும் வெளியே சாப்பிடப் போவோம். சாலையோர ஒட்டுக்கடைக்கோ வாழையிலைச் சாப்பாட்டுக்கோ போவதை இதில் சேர்க்க மாட்டோம். மாதம் ஒரு முறை போவது மலாக்கா பட்டணத்தில் புதிதாகத் திறந்த உணவகங்களுக்கு. வாசலில் பெயர் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். உள்ளே விளக்கு மங்கலாக இருக்கும். தட்டுகள் தட்டு மாதிரி இருக்காது. ஓடு மாதிரி, பலகை மாதிரி, ஓர் இடத்தில் வழவழப்பான கல் மாதிரிகூட இருந்தது. அதன் நடுவில் கைப்பிடி அளவு சோறு இருக்கும்.

இதற்கு ஆசைப்பட்டவர் அவர்தான். பட்டணத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டுக்கூடத்தின் மேலாளராக இருந்தார். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், பள்ளி முடித்த கையோடு அதே ஹோட்டலில் மேசை துடைக்கச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அவர் சொல்வதை நான் எழுதுவேன். அவ்வளவுதான் என் பங்கு.

அவர் தீர்ப்புச் சொல்லும் முறை அலாதியானது. உட்கார்ந்ததும் மெனுவைத் திறக்க மாட்டார். முதலில் தண்ணீர் கேட்பார். கண்ணாடிக் குவளையை விளக்குக்கு நேரே பிடித்து விளிம்பைப் பார்ப்பார். பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வருவார். கழிப்பறைத் தரை ஈரமாக இருந்தால் அடுப்பங்கரையும் அப்படித்தான் இருக்கும் என்பார். மேசை ஆடினால் பணியாளர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்; டிஷ்யூவை மடித்துக் காலடியில் செருகினால் முகம் சுருங்கும், வேறு மேசைக்கு மாற்றினால் மலரும். சாப்பாடு வந்ததும் பேச்சு நின்றுவிடும். தன் தட்டில் ஒரு வாய், என் தட்டில் ஒரு வாய். எல்லாம் முடிந்து காருக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறப்பார். கடைக்குள் குறை சொன்னால் அங்கே நின்று உழைப்பவன் மனசு உடைந்துபோகும் என்பது அவர் எண்ணம்.

அவரிடம் மூன்று தீர்ப்புகள் இருந்தன. "சாப்பிடலாம்" என்றால் ஒரு முறை போதும். "வரலாம்" என்றால் நாங்கள் இருவரும் மறுபடி வரலாம். "கூட்டிக்கிட்டு வரலாம்" என்றால் சொந்தக்காரர்களை அழைத்து வந்தாலும் மானம் போகாது. இந்த மூன்றாவது, வருஷத்தில் ஒன்றிரண்டு உணவகங்களுக்குத்தான் கிடைக்கும். ரசத்தை நுரையாக அடித்துக் காப்பிக் கோப்பையில் கொடுத்த ஓர் இடத்துக்கு அவர் இந்த மூன்றில் எதையும் சொல்லவில்லை. கிளேபாங் தாண்டும்வரை பேசாமல் ஓட்டிவிட்டு, "அந்தப் பையன் ரசம் குடிச்சதே இல்ல போல" என்றார்.

பிறகு அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மூக்குக்குப் பின்னால், தொண்டை தொடங்கும் இடத்தில் புற்று என்றார்கள். கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். புற்று போய்விட்டது. அதோடு வாயின் ஈரமும் ருசியும் மணமும் போய்விட்டன. உமிழ்நீர் ஊறாததால் எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தல் கூடவே வந்தது. சோறு ஈரமான காகிதம் மாதிரி இருக்கிறது என்றார். மாங்காயைக் கடித்துவிட்டு, "சத்தம் மட்டும் வருது" என்றார். உடம்பு இளைத்து, சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. ஹோட்டலில் நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள். பிறகு நல்ல வார்த்தை சொல்லி விடை கொடுத்தார்கள்.

ருசி வரும் என்று மருத்துவர் ஆரம்பத்தில் சொல்லியிருந்தார். சிலருக்குச் சில மாதத்தில், சிலருக்கு ஒரு வருஷத்தில். அந்த நம்பிக்கையில் நாங்கள் உணவகங்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. அவர்தான் நிறுத்த விடவில்லை. ஆயர் சுவாம், அதாவது வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு குவளை கேட்டு வாங்கி, அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயையும் விழுங்குவார். காரில் அவர் சொன்ன தீர்ப்புகளில் சாப்பாடு இல்லை. பணியாள் தட்டை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தான், எத்தனை முறை நம் பேச்சில் குறுக்கிட்டான், வாசலில் யாராவது போய்வரச் சொன்னார்களா என்பதுதான். நான் அதையும் எழுதினேன். சாப்பாட்டுக்கான இடத்தைக் காலியாக விட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஆற்றங்கரைப் பக்கம், பழைய கடைவீட்டைப் புதுப்பித்துத் திறந்திருந்த ஓர் உணவகத்துக்குப் போனோம். திருக்கை மீன் போட்ட ஆசாம் பெடாஸ் வந்தது. புளியும் மிளகாயும் போட்டு மலாய்க்காரர்கள் வைக்கும் அந்தக் குழம்பை மண்சட்டியில் கொண்டுவந்து, மேலே ஒரு பூவைச் செருகி வைத்திருந்தார்கள். அவர் பூவை எடுத்து ஓரமாக வைத்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண் கலங்கியது. போத்தலை எடுத்தவர் குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"காரம் தெரியுது" என்றார்.

இன்னொரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் கண்ணில் நீர். சிரித்தார். அந்த மீனை அவர் முழுவதும் சாப்பிட்டார். அன்று காரில் தீர்ப்பும் சொன்னார்: "வரலாம்." அறுசுவையில் ஒன்று வந்துவிட்டது, மற்ற ஐந்தும் பின்னால் வரும் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரங்களில் வீட்டில் எல்லாவற்றிலும் மிளகாயைக் கூட்டினேன். அவர் வாய்ப்புண்ணோடு சாப்பிட்டார்.

மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தபோது இந்தச் செய்தியை நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். மருத்துவர் இளம் வயதுச் சீனப் பெண். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், காரம் என்பது ருசியல்ல என்றார். நாக்கில் ருசியை அறியும் நரம்பு வேறு, எரிவதை அறியும் நரம்பு வேறு. மிளகாய் எரிவதை உங்கள் கணவர் உணர்கிறார். அது ஒரு வலி. அந்த நரம்பு கெடாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் விடவில்லை. எங்கள் மொழியில் சுவை ஆறு, அதில் காரமும் ஒன்று, சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான் படித்திருக்கிறோம் என்றேன். மருத்துவர் கேலி செய்யவில்லை. உங்கள் மொழியில் அப்படி இருக்கலாம், நரம்பில் அப்படி இல்லை என்றார். பிறகு கணினித் திரையைப் பார்த்தபடி, இவ்வளவு காலத்தில் வராதது இனி வருவது அரிது என்றும், எடை இன்னும் குறைந்தால் வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இனிப்பு, புளிப்பு, உப்பு ஏதாவது தெரிகிறதா என்று என் கணவரிடம் நேராகக் கேட்டார். அவர், "கொஞ்சம் கொஞ்சம் தெரியுது டாக்டர்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கேட்டேன், உண்மையாகவே தெரிகிறதா என்று. "வருது. மெதுவா வருது. அந்தப் பொண்ணு புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுது. என் நாக்கு எனக்குத் தெரியாதா?" என்றார். நம்புவதற்கு எனக்கு விருப்பம் இருந்ததால் நம்பினேன்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் குழாய் மட்டும் காரணமல்ல என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஹோட்டலில் அவரிடம் வேலை பழகிய ஒருவர், பட்டணத்தில் சொந்தமாக உணவகம் திறக்கப்போகிறார். மலாக்காச் சமையலையும் நம் சமையலையும் சேர்த்து, பார்க்க அழகாகப் பரிமாறும் இடம். தினமும் கதவு திறக்கும் முன் சமையலறையில் ஒவ்வொரு கறியையும் ருசி பார்த்துச் சரி என்று சொல்லவும், பிறகு கூடத்தைக் கவனிக்கவும் இவரை மேலாளராக வரச் சொல்லியிருக்கிறார். ருசி திரும்பிவிட்டதா என்று அவர் கேட்டாராம். வந்துவிட்டது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

வேலை போன பிறகு அவர் வீட்டில் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டே இருந்தார். தங்கா பத்து என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யாரும் அதிகம் வருவதில்லை. வராதவர்களுக்காக நாலு பேர் உட்காரும் மேசையில் தட்டும் கரண்டியும் வரிசையாக இருக்கும். சமையலைப் பற்றி நான் ஏதாவது கேட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். இந்த வேலைச் செய்தி வந்த நாளில் அலமாரியிலிருந்த கறுப்புக் கால்சட்டைகளை எடுத்துத் தையல் கடைக்குப் போய் இடுப்பைச் சிறிதாக்கிக்கொண்டு வந்தார். அதனால் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

உணவகத்தைத் திறப்பதற்கு முன்பு தெரிந்தவர்களை மட்டும் அழைத்து ஒரு நாள் சாப்பாடு போட்டார் அந்தத் தம்பி. எங்களுக்கு ஜன்னலோரம் மேசை. பச்சை ஓடு பதித்த தரை, சுவரில் பெரிய கண்ணாடி, மேசைக்கு மேலே மூங்கில் கூடை விளக்கு. என் கணவர் குவளையைத் தூக்கிப் பார்த்தார், கழிப்பறைக்குப் போய் வந்தார். முகத்தில் குறை இல்லை. வழிகாட்டிய பெண்ணிடம், நாற்காலியை இழுக்கும்போது தரையில் கீறாமல் சற்றுத் தூக்கி இழுக்கச் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அப்படியே செய்தது. எனக்கு அவரைப் பழைய ஆளாகப் பார்த்த மாதிரி இருந்தது.

சாப்பாடு ஒவ்வொன்றாக வந்தது. அவர் மெனு அட்டையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இறாலில் எலுமிச்சைப் புல் இருக்கிறது என்று அட்டையில் இருந்தது. எலுமிச்சைப் புல் சரியாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். கோழியில் சோம்பு தூக்கல் என்றார். சோம்பு அட்டையில் இருந்தது. என் வாயில் அவ்வளவாக இல்லை. நான் தலையசைத்தேன். வறுத்த மீனோடு தொட்டுக்கொள்ள ஒரு சின்ன வெள்ளை ஜாடியில் இனிப்புக் கிச்சாப் வைத்திருந்தார்கள். கறுப்பாக, பாகு மாதிரி கெட்டியாக இருக்கும் சோயாச் சாறு. மீன் முடிந்ததும் அதை எடுத்துப்போனார்கள்.

கடைசியாக ஜவ்வரிசி வந்தது. தேங்காய்ப்பாலில் மிதக்கும் ஜவ்வரிசிக்கு மேலே குலா மலாக்கா, அதாவது இந்த ஊர்த் தென்னங்கருப்பட்டியைக் காய்ச்சிய பாகை ஊற்றிச் சாப்பிடுவது. பாகு தனியாக ஒரு சின்ன வெள்ளை ஜாடியில் வந்தது. அவர் தாராளமாக ஊற்றிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். நான் என் கிண்ணத்தில் ஊற்றும்போது தம்பி கையைக் கட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, டெசர்ட் எப்படிண்ணே? அத வச்சுத்தான் கஸ்டமர் திரும்ப வருவான்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. "பாகு நல்லா காய்ச்சியிருக்கான். கருக விடல. அந்தப் புகை வாசனை அப்படியே நிக்குது" என்றார்.

அப்போது என் முதல் கரண்டி என் வாய்க்குள் இருந்தது. உப்பு. இனிப்பும் உப்பும் சேர்ந்து, தேங்காய்ப்பாலோடு ஒட்டாமல் தனியாகத் தொண்டையை அறுத்தது. கிச்சாப். நான் விழுங்கினேன்.

"அண்ணி, நீங்க?"

"நல்லா இருக்கு தம்பி."

தம்பியின் முகம் மலர்ந்தது. முதல் தேதியிலிருந்து வந்துவிடுங்கள், சட்டை தைக்க அளவு மட்டும் அனுப்புங்கள் என்றார். என் கணவர் எழுந்து கைகுலுக்கினார். உட்கார்ந்து, மிச்சத்தையும் சாப்பிட்டார். அவர் சாப்பிட்ட வேகத்துக்கு நானும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது, இனி அவருக்கு வேலை இருக்கிறது, ருசி பார்க்கும் விஷயத்தை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று அந்தச் சில நிமிஷங்களுக்குள் கணக்குப் போட்டேன்.

பக்கத்து மேசையில் ஒரு வயதான மலாய் அம்மா சத்தமாகச் சிரித்தார். இப்போதெல்லாம் ஜவ்வரிசிக்குக் கிச்சாப் ஊற்றுவதுதான் புது ஸ்டைலா என்று மலாயில் கேட்டார். அவர் மேசையில் எல்லோரும் கரண்டியை நக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி ஓடிப்போய் அவர்கள் ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். மன்னிப்புக் கேட்டார். உள்ளே யாரோ ஒரே மாதிரியான ஜாடிகளை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று அங்கிருந்தபடியே புரிந்தது. பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

எங்கள் ஜாடி காலியாக இருந்தது. என் கணவரின் கிண்ணம் வழித்துச் சாப்பிட்டதாக இருந்தது.

என் கணவர் வாழ்க்கை முழுக்க வாடிக்கையாளர் முகத்தைப் படித்தவர். தம்பி முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஜாடியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அடியில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தார். பிறகு ஜாடியை மேசையில் வைத்தார்.

"ரெண்டுக்கும் ஒரே ஜாடி வைக்காதடா. ஒண்ணக் கண்ணாடியா மாத்து" என்றார்.

"சரிண்ணே."

தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். மிகவும் தணிந்த குரலில் பேசினார். "அண்ணே, கிச்சன் பக்கம் நீங்க வர வேணாம் லா. அத நான் பாத்துக்கறேன். வாசல்ல நின்னு வர்றவங்கள உக்கார வைங்க, போதும். உங்களப் பாத்தாலே கடைக்கு ஒரு மரியாத."

"பொம்ம மாதிரியா?"

"ஐயோ, அப்படி இல்லண்ணே."

"மேசைக்குப் போனா, அங்கிள் என்ன நல்லா இருக்கும்னு கேப்பாங்க. நான் என்னடா சொல்றது? இப்பச் சொன்ன மாதிரியா?"

சரியான பாகோடு புதுக் கிண்ணங்கள் வந்தன. என் கணவர் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் தம்பி இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாசம் கழித்துப் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று இவரும் சொன்னார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கார் கடலோரச் சாலைக்கு வந்ததும் கேட்டார், "நீ எப்பக் கண்டுபிடிச்ச?"

"மொத வாய்லயே."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, எப்போதிலிருந்து எதுவுமே தெரியவில்லை என்று நான் கேட்டேன். ஆரம்பத்திலிருந்து என்றார். இனிப்பா, புளிப்பா, உப்பா, ஒன்றுமே வரவில்லை. மிளகாய் எரிந்ததுதான் உண்டு. அன்று ஆற்றங்கரைக் கடையில் சந்தோஷப்பட்டது நிஜம், மருத்துவர் சொன்ன பிறகு அதுவும் போய்விட்டது, அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னவைதான் மற்றதெல்லாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தார். "இனிமே எப்படி இருக்குன்னு என்னக் கேக்காத. உனக்குப் பிடிச்சதச் சமை. நான் சாப்புடறேன்" என்றார்.

அப்படியே நடக்கிறது. தையல் கடையிலிருந்து வந்த கால்சட்டைகளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். புது உணவகங்கள் திறக்கின்றன. அலுவலகத்தில் படம் காட்டுகிறார்கள். எப்படி, போகலாமா, உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறார்கள். நேரமில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறார், மாத்திரை போடுவது மாதிரி. எடை குறையாமல் இருக்கிறது. மருத்துவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

போன வாரம் பள்ளியில் வேலை அதிகம். அவசரமாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து அவருக்குப் பரிமாறிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டேன். நான் சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் வைத்தபோதுதான் குழம்பில் உப்பே போடவில்லை என்று தெரிந்தது. அதற்குள் அவர் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து சட்டியில் இருந்த மீதிக் குழம்பில் உப்பைப் போட்டுக் கலக்கி, எனக்கு ஊற்றிக்கொண்டேன்.